தோற்றவனுக்கு ஒரு சிலை

மெக்ஸிகோ நகரத்தில் ரிஃபார்மா என்னும் ராஜபாட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியே நாம் நடந்து சென்றபோது, உயர்ந்த பீடத்தின்மேல் இறகு முடி தரித்து, ஈட்டியை ஓங்கியபடி ஒரு வீரன் நிற்கக் கண்டோம். அவன் ஜயித்தவனல்லன், தோற்றவன். ஆஸ்டெக் சாம்ராஜ்யத்தின் கடைசி மன்னன் குவாவ்டெமாக். 1887-ஆம் ஆண்டில் இச்சிலையைத் திறந்து வைத்தார்கள். சரித்திரம் போதிப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது விந்தையாயிருந்தது. ஜயித்தவர்களின் பெயர்களைத்தானே பிள்ளைகளை நெட்டுருப் போடச் சொல்லுகிறோம்!

இந்நகரம் நிற்குமிடத்தில் அக்காலத்தில் பெரியதோர் ஏரி இருந்தது. அதன் நடுத்தீவில் விளங்கிய தலைநகரம் டெனோச்டிட்லான். 1519-ல் ஸ்பெயின் தேசத்துக் கோர்டெஸ் அங்கே வந்து சேர்ந்தான். மறு வருஷம் பெரியம்மை பரவிற்று. மன்னன் குயிட்லாவாக் அதற்கு இரையாகவே, வாலிபனான குவாவ்டெமாக்கின் தலையில் முடியும் பாரமும் ஒருங்கே ஏறின.

1521 மே மாதம் முற்றுகை தொடங்கிற்று. சாபுல்டெபெக் குன்றிலிருந்து நகருக்கு வந்த குடிநீரைப் பகைவர் தடுத்தனர். 13 கப்பல்களைக் கட்டி ஏரியில் விட்டனர். ஆனால் கோர்டெஸின் சேனையில் பெரும்பாலோர் ஸ்பானியரல்லர். ட்லாஸ்கலா நாட்டார் முதலாக, ஆஸ்டெக் மன்னர்களிடம் பகை கொண்டிருந்த சுதேசிகளே அவர்கள். அந்நியனின் பீரங்கிக்கு வழி திறந்துவிட்டது அண்டை அயலாரின் மனக்கசப்பு!

பசியும் நோயும் வாட்ட, ஆகஸ்டு 13-ந் தேதி நகரம் வீழ்ந்தது. ஓடத்தில் சென்ற மன்னன் பிடிபட்டான். கோர்டெஸின் இடையிலிருந்த குத்துவாளைக் காட்டி, அதனாலேயே தன்னைக் கொன்றுவிடும்படி அவன் வேண்டினானாம். மரணம் அவ்வளவு எளிதில் கிட்டவில்லை. புதையல் எங்கே என்று கேட்டு அவன் பாதங்களைத் தீயால் வாட்டினார்கள். 1525-ல் கோர்டெஸ் ஹோண்டுராஸுக்குப் படையெடுத்துச் சென்றபோது அவனையும் உடன் இழுத்துச் சென்று, சதி செய்தான் என்று குற்றம் சாட்டி வழியிலேயே தூக்கிலிட்டான்.

கடைசிப் போர் நடந்த ட்லாடெலோல்கோவுக்கும் சென்றோம். இடிந்த கோயிலின் படிகள், அதன் கற்களைக் கொண்டே எழுப்பிய மாதா கோயில், பின்னால் இக்காலத்து மாளிகைகள் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்குள்ள கல்வெட்டு, அன்று நடந்தது வெற்றியுமன்று, தோல்வியுமன்று. இரு குலமும் கலந்த இன்றைய மெக்ஸிகோ மக்களின் வேதனை மிக்க பிறப்பே என்று கூறுகிறது. அதன்முன் நெடுநேரம் நின்றோம்.

ஊர் திரும்பியபின் வகுப்பில் அப்பாடம் வந்தது. கோர்டெஸின் பெயருக்கு முன்னால் குவாவ்டெமாக்கின் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம்.