அகண்ட காவிரிக் கரையில் தொட்டியம்

திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் செல்லும் சாலையில் பயணம் செய்பவர்களுக்கு இடப்புறம் காவிரி கூடவே வரும். சில இடங்களில் கண்ணுக்குத் தெரியும். பல இடங்களில் வாழைத் தோட்டங்கள் மறைத்துவிடும். ஆனாலும் காற்றில் ஒரு குளிர்ச்சி இருக்கும். சுமார் அறுபது கிலோமீட்டர் கடந்ததும் வரும் ஊர் தொட்டியம். பெரும்பாலோர் இவ்வூரைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். இறங்கி ஒரு நாள் தங்கினால்தான் இதன் அருமை புரியும். வங்கிப் பணியின் நிமித்தம் நான்கு ஆண்டுகள் இவ்வூரில் வசிக்கும் பேறு எனக்கு வாய்த்தது. ஓய்வு பெற்ற பின்னும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சென்று வருகிறேன்.

கரூருக்கு அருகே திருமுக்கூடலூரில் அமராவதி வந்து சேர்ந்த பிறகு, காவிரி தன் மேனியை விரித்துக்கொள்கிறாள். மாயனூரிலிருந்து முக்கொம்பு வரை உள்ள இந்தப் பகுதியை ‘அகண்ட காவிரி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்த பிறகு ஸ்ரீரங்கத்தில் நாம் காணும் காவிரி வேறு. இங்கே முழு உருவில் காட்சி தரும் காவிரி வேறு. ஆடி மாதத்தில் நுங்கும் நுரையுமாய் நீர் வரும்போது எதிர்க்கரைத் தென்னைகள் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அதற்கும் அப்பால் ஐயர்மலை.

ஆடிப்பெருக்கன்று இந்தக் கரையைக் காண வேண்டும். விடியும் முன்பே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்துவிடுவர். மணலில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி, பழம் படைத்து, காவிரித் தாயை மசக்கைக்காரியாகப் பாவித்து வழிபடுவர். புதுமணத் தம்பதியர் மாலையை நீரில் விடுவர். வயதான சுமங்கலிகள் இளையவர் கழுத்தில் மஞ்சள் நூலைக் கட்டி, “தீர்க்காயுசா இரும்மா” என்று வாழ்த்துவர். எவ்விதப் புரோகிதமும் இல்லாமல், பெண்களே நடத்தும் பூசை இது. அதன் அழகே தனி.

இவ்வூரின் நாயகி மதுரை காளியம்மன். பெயருக்கேற்ப அன்னை மதுரையோடு தொடர்புடையவள் என்பது ஊராரின் நம்பிக்கை. சுற்று வட்டார மக்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இவளே குலதெய்வம். எங்கோ சென்னையிலும் பெங்களூரிலும் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக்கூட முதல் முடி இங்குதான் இறக்கப்படுகிறது.

காத்தவராயன் கதைப்பாடலைக் கேட்டவர்களுக்கு ‘தொட்டியத்துச் சின்னான்’ என்ற பெயர் நினைவிருக்கும். மந்திர வித்தையில் வல்லவன். காத்தவராயனுக்குத் துணை நின்றவன். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அம்மன் கோயில்களில் ஆடப்படும் காத்தவராயன் கூத்திலும் இந்தச் சின்னான் வருகிறான். கடல் கடந்த ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள், இந்தக் காவிரிக்கரை ஊரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக உச்சரித்து வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அன்னையின் பெருவிழா பங்குனியில் நடைபெறுகிறது. மற்ற ஊர்களில் தேருக்குச் சக்கரமும் வடமும் உண்டு. இங்கே முப்பதடிக்கும் மேல் உயரமான இரண்டு தேர்களைப் பக்தர்கள் தோளில் சுமந்து வருகின்றனர். நூற்றுக்கணக்கான ஆண்கள் வாரைகளுக்குள் தோள் கொடுக்க, தேர் மெல்ல எழும்பும் அந்த ஒரு கணத்தில் கூட்டத்தில் பேச்சே இருக்காது. எழும்பி நிலைகொண்டதும் கிளம்பும் குலவையும் முழக்கமும் உடலைச் சிலிர்க்க வைக்கும். தேர் சாய்வதும் நிமிர்வதும் காண்போர் நெஞ்சைப் பதறச் செய்யும், சுமப்பவர்களோ பதறுவதில்லை.

“சக்கரம் வைத்தால் எளிதாக இருக்குமே?” என்று அந்நாளில் ஒரு முதியவரிடம் கேட்டேன். அவர் தம் தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, “எங்க அப்பா தூக்கினார், நான் தூக்கினேன், இப்ப மகன் தூக்குறான். சக்கரத்துக்கு யார் சார் வேண்டிக்குவாங்க?” என்றார். இன்று அந்த மகனின் பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடா நாட்டிலும் பணி செய்கின்றனர். அடுத்த தலைமுறையில் தோள்கள் போதுமா என்ற கவலை பெரியவர்கள் பேச்சில் அவ்வப்போது வந்து போகிறது. சென்ற முறை நான் போயிருந்தபோது, திருவிழாவுக்கு விடுப்புக் கிடைக்காத ஓர் இளைஞர் தம் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, “என் இடத்துல நீ நில்லுடா” என்று சொன்னதாக அவருடைய தாயார் கூறினார். தம்பிக்கு வயது பதினெட்டு. அன்று அவன் நின்றான்.

பங்குனியில் ஆற்றின் நிலையையும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28-இல் மூடுவர். ஆகவே அன்னையின் விழா நடக்கும் காலத்தில் காவிரி பெரும்பாலும் மணற்பரப்பாகவே இருப்பாள். மேலே மாயனூரில் 2014-இல் திறக்கப்பட்ட கதவணை சுமார் ஒரு டி.எம்.சி. நீரைத் தேக்கி வைக்கிறது. அதன் பயனாகக் கால்வாய்ப் பாசனம் ஓரளவு சீர்பட்டிருக்கிறது. ஆனால் அந்நாளில் கையால் மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று வரும். அந்தத் தெளிநீரைத்தான் குடத்தில் முகந்து சென்றோம். இன்று அத்தனை எளிதில் ஊற்றுக் கிடைப்பதில்லை. அள்ளிய மணல் திரும்பி வருவதற்கு ஆற்றுக்கும் காலம் வேண்டுமல்லவா?

ஊரின் அன்றாட வாழ்க்கை வாழையைச் சுற்றியே சுழல்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நேந்திரன், ஏலரிசி, மொந்தன் என வகைகள் பல. நம் பூசையறைப் பூவன் பழமும், பந்திக்கு விரிக்கும் இலையும், மாலை கட்டும் நாரும் இத்தகைய தோட்டங்களிலிருந்து வருபவைதாம். காலையில் மண்டிகளின் முன் தார்கள் அடுக்கப்பட்டிருக்கும் காட்சி, ஏதோ பெரிய கல்யாணத்துக்குச் சீர் வந்து இறங்கியது போலிருக்கும். வாழைக்கு அடுத்து வெற்றிலைக் கொடிக்கால், கோரை. கோரைப்பாயின் புது வாசனை என் போன்றோருக்கு இன்றும் இவ்வூரையே நினைவூட்டும்.

வாழைக்குப் பகை காற்று. குலை தள்ளிய மரத்துக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தாலும், சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று ஒரே இரவில் தோட்டத்தைச் சாய்த்துவிடும். அப்படி ஓர் இரவு. எங்கள் கிளையில் பயிர்க்கடன் பெற்றிருந்த ஒரு விவசாயியின் தோட்டம் முழுவதும் விழுந்தது. மறுநாள் பார்வையிடச் சென்றேன். மனைவி மரங்களுக்கிடையில் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். அவரைக் காணவில்லை, கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கே போனேன். முதல் தாரை அன்னைக்குத் தருவதாக வேண்டியிருந்தாராம். தம் தோட்டத்துக் காய் முற்றவில்லை என்பதால், மண்டியில் காசு கொடுத்து நல்ல பூவன் தார் ஒன்று வாங்கி வந்து சந்நிதியில் வைத்துவிட்டு, தூணோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. “இந்த நிலையில் இது அவசியமா ஐயா?” என்றேன். “காத்து அடிச்சதுக்கு அவ என்ன செய்வா சார்? நான் சொன்ன வாக்கு அப்படியேதானே இருக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “உங்க கடனும் அப்படித்தான்” என்றார்.

விதிகளின்படி அவருடைய குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை கொடுத்தோம். அது எல்லோருக்கும் செய்ததுதான். மூன்றாம் ஆண்டு கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, என் மேசை மீது இரண்டு சீப்புப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். ஈடு, மதிப்பீடு, பிணை என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியவன் நான். அந்தத் தூணோரப் பேச்சை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஊருக்குள் அனலாடீஸ்வரர், திரிபுரசுந்தரி அம்பாளுடன் எழுந்தருளியிருக்கிறார். அனலேந்தி ஆடும் பெருமானின் திருநாமம் இது. காளியின் சந்நிதியில் கூட்டம் அலைமோதும் நாளிலும் இங்கே அமைதியாக அமர்ந்து ஜபம் செய்யலாம்.

அருகிலுள்ள சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயிலை அவசியம் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கற்றளி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தென்புறச் சுவரில் தட்சிணாமூர்த்தியின் திருவுருவம்! ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அந்தப் புன்னகையைத் தொடவில்லை. குரங்கு ஒன்று தீண்டியதால் பிரதிஷ்டை நடைபெறவில்லை என்று செவிவழிக் கதை உண்டு. காரணம் எதுவாயினும், இத்தனை அழகான ஆலயத்தில் ஒரு விளக்கு எரியாதது மனத்தை என்னவோ செய்கிறது.

முசிறிப் பக்கம் திருஈங்கோய்மலை. அகத்தியர் ஈ வடிவெடுத்து வழிபட்ட தலம்; திருஞானசம்பந்தர் பாடிய காவிரி வடகரைத் தலம். காலையில் குளித்தலைக் கடம்பரையும், நண்பகலில் ஐயர்மலைச் சொக்கரையும், அந்தியில் ஈங்கோய்நாதரையும் ஒரே நாளில் தரிசிப்பது நம் முன்னோர் வழக்கம். கார்த்திகைச் சோமவாரங்களில் இன்றும் பலர் செய்கின்றனர். பாலம் வருமுன் பரிசலில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஈங்கோய்மலையில் ஏறத்தாழ ஐந்நூறு படிகள். மூட்டுவலி உள்ளவர்கள் அடிவாரத்தில் நின்று வணங்கலாம், நானும் இப்போது அப்படித்தான்.

திருச்சியிலிருந்து நாமக்கல் செல்லும் பேருந்துகள் தொட்டியத்தில் நிற்கும். தங்குவதற்கு முசிறியோ திருச்சியோ வசதி. கோடையில் செல்பவர்கள் வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொண்டு, மாலையில் ஆற்றங்கரைக்குப் போவது நல்லது. ஐந்து மணிக்கு மேல் கரையில் காற்று வரத் தொடங்கும். மாடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புபவர்கள், “எந்த ஊருங்க? அம்மனைப் பார்த்தாச்சா?” என்று தாமே விசாரிப்பார்கள்.