தீயினூடே ஒரு வணக்கம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவருள் 55,573 பேர் மாண்டனர். விமானம் ஒன்று வீழ்ந்தால் அதிலிருந்தோர் ஒருங்கே மடிதல் அந்நாளில் பெருவழக்கு. ஆதலின் மகன் இறந்தான் என்ற செய்தி வீட்டை எட்டுமேயன்றி, எங்ஙனம் இறந்தான் என்று உரைக்க ஆளிராது. அவர்கள் வீசிய குண்டுகளுக்கு இரையான நகரங்களிலும் எத்தனையோ அன்னையர் இவ்வாறே கலங்கினர், அத்துயரமும் சிறிதன்று.

மகனின் இறுதிச் செயலை அறியப்பெற்ற தாய் ஒருவர் கனடாவின் வின்னிப்பெக் நகரில் வாழ்ந்தார். அவர் மகன் ஆண்ட்ரூ மினார்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பம் அது. தந்தை மறையவே, மினார்ஸ்கி தோல் வெட்டும் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கினார். 1941இல் விமானப்படையில் சேர்ந்தார்.

லாங்காஸ்டர் விமானத்தில் எழுவர் செல்வர். மினார்ஸ்கி முதுகுப்புறக் கூண்டில் துப்பாக்கி வீரர். அவர் நண்பர் பாட் பிரோபி வாற்புறக் கூண்டில் இருப்பவர். பிரோபி பதவியில் உயர்ந்தவர். ஆகவே இரவில் பிரியும்போதெல்லாம் மினார்ஸ்கி விளையாட்டாக அவருக்கு விறைப்பாக வணக்கம் செலுத்துவார்.

1944 ஜூன் 12ஆம் நாள் இரவு, பிரான்சிலுள்ள காம்ப்ரே நகரின் இருப்புப்பாதை நிலையத்தைத் தாக்க அவ்விமானம் புறப்பட்டது. வழியில் ஜெர்மானிய விமானம் ஒன்று சுட, லாங்காஸ்டர் தீப்பற்றியது. குதிக்குமாறு விமானி ஆணையிட்டார். மினார்ஸ்கி வாயிலை அடைந்தார், பின்னே நோக்கினார். பிரோபியின் கூண்டு அசையவில்லை. அது நேரே திரும்பினாலன்றிக் கதவு வழியாக வெளியேற இயலாது. திருப்பும் பொறி செயலிழந்தது, கைப்பிடியும் முறிந்தது. மினார்ஸ்கி தவழ்ந்து நெருப்பினூடே சென்றார். கோடரியால் அடித்தார், வெறுங்கையாலும் இழுத்தார். அவர் உடை எரிந்தது. போய்விடுமாறு பிரோபி கையசைத்தார். வேறு வழியின்றி மினார்ஸ்கி பின்னோக்கித் தவழ்ந்தார்; முகத்தைத் திருப்பவில்லை. வாயிலில் நிமிர்ந்து நின்றார். எரியும் உடையோடு, அவ்விளையாட்டு வணக்கத்தையே செலுத்திவிட்டுக் குதித்தார்.

வான்குடையும் எரிந்தது. தரையில் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தபின், தீப்புண்களால் அவர் உயிர் நீத்தார். விந்தையாகப் பிரோபி பிழைத்தார்! வீழ்ந்து நொறுங்கிய விமானம் அவரை வெளியே தூக்கி எறிந்தது. ஏனைய ஐவரும் முன்னரே குதித்து உயிர் தப்பியிருந்தனர். எனினும் நடந்ததைக் கண்டவர் பிரோபி ஒருவரே. எவரைக் காக்க முயன்று இயலாது போயிற்றோ, அவரே சான்றானார். அவர் வாய்மொழியால் 1946இல் விக்டோரியா கிராஸ் விருது மினார்ஸ்கிக்கு வழங்கப்பெற்று, அன்னையின் கைக்கு வந்தது.

கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தில் மினார்ஸ்கியின் நினைவாகப் பேணப்படும் லாங்காஸ்டர் ஒன்று உண்டு. 1988இல் மீண்டும் பறந்த அது, 2014இல் அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்துக்கும் சென்றது. அதன் பக்கங்களில் தீட்டப்பட்டிருப்பவை, அன்றிரவு எரிந்து வீழ்ந்த விமானத்தின் குறியெழுத்துகள்.