கேட்டதற்குப் பதில்

சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்திலிருந்து எஸ்.எஸ்.சி. தேர்வில் தேறி, டெல்லியில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேரப்போகும் பிள்ளைகள் சிலர் கிளம்புவதற்கு முன் என்னைப் பார்க்க வருவதுண்டு. எந்த அமைச்சகம் கிடைத்தால் நல்லது என்று கேட்பார்கள். எது கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால் நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மேசையில் உட்காரச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள் என்பேன். ராணுவமோ வெளியுறவோ சம்பந்தப்பட்ட மேசை என்றால் கேட்டு வாங்கிக்கொண்டே உட்காரலாம். என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அந்த வேலையில்தான் போனது. அமைச்சர் அவையில் எழுந்து நின்று படிக்கும் பத்து வரியைக் கீழேயிருந்து எழுதி, மேலே அனுப்பி, திரும்பி வந்ததைத் திருத்தி, மறுபடி அனுப்பும் வேலை. எழுதியவன் பெயர் அதில் எங்கும் இராது. அது எனக்கு ஒருநாளும் குறையாகத் தோன்றியதில்லை.

கேள்வி வரும் வழியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர் 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தருகிறார். குலுக்கலில் தேறி வருபவை மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகள் வரும். மற்றதற்கு எழுத்துப் பதில் போதும். ஏற்கப்பட்ட கேள்விகளின் பட்டியலான அட்மிட்டட் லிஸ்ட் கைக்கு வரும்போது நாலைந்து நாள்தான் மிச்சமிருக்கும். அதற்குள் பிரிவு, அண்டர் செக்ரட்டரி, டைரக்டர், ஜாயின்ட் செக்ரட்டரி, செயலர், அமைச்சர் என்று படியேறி, இந்திப் பிரதியும் தயாராகி, கட்டுக்கட்டாக அவைச் செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே அட்மிட்டட் லிஸ்டுக்காகக் காத்திருப்பவன் தோற்றான். தற்காலிக நோட்டீஸ் வந்த அன்றே தகவல் கேட்டு எழுதிவிட வேண்டும். பத்துக் கேள்விக்குத் தகவல் சேகரித்து, இரண்டுதான் பட்டியலில் வரும். மற்ற எட்டும் வீண் இல்லை. அடுத்த கூட்டத்தொடரில் வேறு உறுப்பினர் பெயரில் அவை வந்தே தீரும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஓர் அண்டர் செக்ரட்டரி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்; ஐயா என்றுதான் சொல்வோம். கீழிருந்து வளர்ந்தவர், சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தவர். டிராஃப்டைக் கொண்டுபோய் வைத்தால் அதைத் தொடமாட்டார். "முதல்ல கேள்வியைப் படிப்பா" என்பார். வாய்விட்டுப் படிக்க வேண்டும். (அ) பிரிவில் என்ன கேட்கிறார், (ஆ) பிரிவில் என்ன கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். பிறகு பென்சிலை எடுப்பார். பேனா அல்ல, பென்சில்தான். நாம் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தப் பிரிவுக்குப் பதில் என்று அ, ஆ, இ போட்டுக்கொண்டே வருவார். எழுத்துப் போட முடியாத வாக்கியம் போய்விடும். எல்லை ஓரத்தில் சாலை போடுவது பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒன்பது வரி மிஞ்சியது. "உறுப்பினர் ஆமா, இல்லையான்னு கேக்கறார். நீ சரித்திரம் சொல்றே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த ஒன்பது வரியை நானே மறுபடி தட்டச்சு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்டவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது முதல்முறையாகத் தெரிந்தது.

அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்க வேண்டும் பதில். சிறிதானால் உறுப்பினருக்கு மரியாதைக் குறைவு. அவர் பின்னால் ஒரு தொகுதி மக்கள் இருக்கிறார்கள். பெரிதானால் ஆபத்து. கேட்காத ஒரு வாக்கியம் உள்ளே போனால், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று துணைக்கேள்வி வரும். அமைச்சர் அதற்குத் தயாராக இருக்கமாட்டார்.

ராணுவம், வெளியுறவு என்றால் கூடுதலாக ஒரு பாரம் உண்டு. மக்களவை விதி 41-இன்படியே ரகசியமான விஷயங்களைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. நட்பு நாட்டை அவமரியாதையாகக் குறிப்பிடக் கூடாது. அப்படியும் வடிகட்டலைத் தாண்டிச் சில வரும். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சோம்பேறியின் கையில் அந்த வரி எல்லாக் கதவுக்கும் பூட்டு. அதை எழுதுவதற்கு முன் ஐயா ஒரு சோதனை வைப்பார். இதே விவரம் ஆண்டறிக்கையில் இருக்கிறதா, நிலைக்குழு அறிக்கையில் இருக்கிறதா, போன வருஷம் நாமே சொல்லியிருக்கிறோமா என்று தேடச் சொல்வார். இருந்தால் மறைக்கக் கூடாது. நாடே படித்துவிட்ட ஒன்றை உறுப்பினருக்கு மறுப்பது அவையைச் சிறுமைப்படுத்துவது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் நுட்பமானது. தனித்தனியே பார்த்தால் ஒரு தீங்கும் இல்லாத இரண்டு பதில்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடும். ஒரு கேள்வியில் மொத்த எண்ணிக்கை, இன்னொன்றில் மூன்று தளங்களின் எண்ணிக்கை. கழித்துப் பார்த்தால் நாலாவது தளம் வெளியே வந்துவிடும். அதனால் முடிந்த டிராஃப்டை மூன்று பேராக மாறிப் படிக்கச் சொல்வார்: கேள்வி கேட்ட உறுப்பினராக ஒருமுறை, சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரகத்தில் உட்கார்ந்து நம் பதில்களைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளாக ஒருமுறை, பதிலில் வரும் சம்பவத்தால் வீட்டில் விளக்கணைந்த குடும்பத்தாராக ஒருமுறை. மூன்றாவது வாசிப்பைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்.

வெளியுறவுக் கேள்விகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெஞ்சைத் தொடுவது மீனவர் கேள்வி. இலங்கைக் காவலில் எத்தனை பேர், எத்தனை படகு. எல்லாக் கூட்டத்தொடரிலும் வரும். பார்த்தால் ஒரு எண்தான், எளிது. அந்த எண் ராத்திரியில் மாறும். நெடுந்தீவுப் பக்கம் ஒரு படகைப் பிடித்தால் மாறும், ஊர்க்காவல்துறை நீதிமன்றத்தில் சிலரை விடுவித்தால் மாறும். கொழும்புத் தூதரகத்திலும், 2010-இல் திறந்த யாழ்ப்பாணத் துணைத்தூதரகத்திலும் இருந்து வருவதையும் மாநில அரசு தருவதையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். புதிதாக வந்த ஒரு பையனின் டிராஃப்டில் ஆட்களின் எண்ணிக்கை திங்கட்கிழமை நிலவரம். படகுகளின் எண்ணிக்கை போன மாதத்தது. இரண்டும் சரியான எண்களே, ஒரே வாக்கியத்தில் நின்றதால் பொய்யாகிவிட்டன. ஐயாவின் பென்சில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு நின்றது. அன்றிலிருந்து எந்த எண்ணுக்கும் பக்கத்தில் "இன்ன தேதி நிலவரப்படி" என்று எழுதாமல் பிரிவிலிருந்து காகிதம் வெளியே போகவில்லை. அவைக்குப் போகும் காலையில் ஒருமுறை போன் செய்து, புது எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். தவறான தகவல் போய்விட்டால் அமைச்சரே அவையில் திருத்த அறிக்கை வைக்க நேரும். அதைவிட முக்கியம், ராமேஸ்வரத்திலோ புதுக்கோட்டைக் கடற்கரையிலோ அந்த எண்ணுக்குள் தன் மகன் இருக்கிறானா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள்.

கச்சத்தீவுக் கேள்வியை எடுத்தால் பழைய பதில்களைத் தேடும் பழக்கம் தானாக வரும். 1974 ஜூனில் இலங்கையோடு ஒப்பந்தம். ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியன் கடுமையாக எதிர்த்தார். மீன்பிடித்தல், கப்பல் போக்குவரத்து, யாத்திரை உரிமைகள் காக்கப்பட்டிருக்கின்றன என்ற பொருளில் அமைச்சர் அன்று சொன்னார். 1976-இல் கடிதப் பரிமாற்றம் வந்து, ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றானது. வலை உலர்த்தவும் இளைப்பாறவும், அந்தோணியார் கோவில் திருவிழாவுக்காகவும் தீவுக்குப் போகலாம் என்பதே பிறகு வந்த விளக்கம். அன்றைக்கு அவையில் வைத்த சில வரிகளை ஐம்பது ஆண்டாக ஒவ்வோர் உறுப்பினரும் எடுத்துக் காட்டிக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அமைச்சர்கள் மாறுகிறார்கள், கட்சிகள் மாறுகின்றன, பதில் புத்தகம் மாறுவதில்லை. நீங்கள் இன்று எழுதுவதும் அதே அலமாரிக்குத்தான் போகிறது. சேர்ந்த முதல் வாரமே, உங்கள் பிரிவு தொட்ட பழைய பதில்களை ஆண்டு வாரியாக எடுத்துப் படியுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களாகச் செய்ய வேண்டும்.

நான் ஓய்வுபெற்றுத் தாம்பரம் திரும்பிய பிறகு நடந்த ஒன்றை இங்கே வருபவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறேன். 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை, நம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கி ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் கிளம்பியது. வங்கக் கடலுக்கு மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-இல் இங்கே வந்ததிலிருந்து விமானச் சத்தத்தோடே வாழ்ந்த ஊர் இது. அன்றைக்குக் கிழக்குத் தாம்பரம் முழுக்க அதே பேச்சு. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் மறுநாளே வந்து தேடுதலைப் பார்வையிட்டார். அடுத்த சில நாட்களில் மாநிலங்களவையில் உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நாசவேலையாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றார், தேடுதல் தொடர்கிறது என்றார்.

எங்கள் தொழிலில் இதைவிடக் கடினமான பதில் கிடையாது. விமானம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரியவில்லை என்று மட்டும் சொன்னால் கைவிட்டது போலாகும். நம்பிக்கை கொடுத்தால் 29 வீடுகளை ஏமாற்றுவதாகும். இந்த இடத்தில் வாக்கியங்களை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உறுதியாகத் தெரிந்தது: கிளம்பிய நேரம், எத்தனை பேர், கடைசியாகத் தொடர்பு இருந்த இடம். செய்துகொண்டிருப்பது: எந்தக் கப்பல், எந்த விமானம், எவ்வளவு பரப்பு. இன்னும் தெரியாதது. ஒரு குவியலின் வாக்கியம் இன்னொன்றில் போய்ச் சேரக் கூடாது. "வாய்ப்பு மிகக் குறைவு" என்பதுதான் அன்று போகக்கூடிய கடைசி எல்லை. நாசவேலை இல்லை என்று ஒரு வார்த்தை அதிகம் சொல்லியிருந்தால், உடைந்த ஒரு துண்டுகூடக் கையில் இல்லாத நிலையில் அதற்கு ஆதாரம் எங்கே?

ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறதே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அவர்களுடைய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்திருக்கிறது. அந்த அறிக்கையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, கைதேர்ந்தவர். படங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு பொருந்துகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே இவை அந்த விமானத்தின் பாகங்களாக இருக்கலாம் என்று நிறுத்தியிருந்தார். கண்டுபிடித்துவிட்டோம் என்று முழங்க எல்லாக் காரணமும் இருந்த இடத்தில் "இருக்கலாம்" என்று எழுத ஒரு கை வேண்டும். அந்தக் கை பல வருஷத்தில்தான் பழகும். அந்த அறிக்கையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்; வரும் பிள்ளைகளுக்குப் படிக்கத் தருகிறேன்.

உறுதிமொழி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிசீலனையில் உள்ளது, தகவல் சேகரிக்கப்பட்டு அவை முன் வைக்கப்படும் என்றெல்லாம் எழுதினால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் உறுதிமொழிக் குழு கூப்பிடும். பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் நிலத்தைப் பற்றியோ, விமானப்படைத் தளத்தை ஒட்டி வீடு கட்டும் கட்டுப்பாடு பற்றியோ கேள்வி வந்தால், சொந்த ஊர்க்காரன் என்ற ஆசையில் ஒரு நல்ல வார்த்தை சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். நடக்காத நல்ல வார்த்தையால் அந்த மக்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

துணைக்கேள்விதான் வேலையின் உயிர். பதில் ஒரு பக்கம் என்றால் அதற்கான குறிப்பேடு நாற்பது பக்கம். கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி. பிறகு அவைத்தலைவர் யாரை அழைக்கிறாரோ அவர்கள். என்ன வருமென்று ஊகிக்க வேண்டும். உறுப்பினர் எந்த மாநிலம், முன்பு என்ன கேட்டார், அன்றைய காலைப் பேப்பரில் என்ன வந்தது என்று பார்த்தால் முக்கால்வாசி பிடிபடும். மாலை ஆறு மணிக்குமேல் ஐயா எங்களைச் சுற்றி உட்காரவைத்து, தானே உறுப்பினராகிக் கேட்பார். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் ஒரு பக்கம் சேரும். சில அமைச்சர்கள் முழுக் கட்டையும் ராத்திரியே படித்துவிட்டு, காலையில் எங்களையே மடக்குவார்கள். சிலருக்கு உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து எண் போதும். யாருக்கு எது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் கட்ட வேண்டும்.

அவையில் அதிகாரிகள் வரிசையில் உட்கார இடம் கிடைத்தால், மடியில் குறிப்பேடும் கையில் ஸ்லிப் காகிதமும் இருக்கட்டும். எதிர்பாராத கேள்வி வந்தால் ஸ்லிப்பில் எண்ணும் தேதியும் மட்டும், பெரிய எழுத்தில், ஒரே வரி. எழுந்து நின்றபடி விளக்கம் படிக்க யாராலும் முடியாது. கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்த துணைக்கேள்விகள் எவை, நாம் ஊகிக்காமல் விட்டது எது என்று கடைசிப் பக்கத்தில் அன்றே எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரின் வேலையை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.