சக்கரத்தில் இருந்த பொம்மைகள்

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று பீரோவை ஒழிக்கும்போது பழைய டிஜிட்டல் கேமரா கையில் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதன் மேலிருக்கும் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்த பேரன், "என்ன தாத்தா, மலை, நிலா, ஓடுற ஆளுன்னு பொம்மையா இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2010-ல் என் தம்பி மகன் வாங்கிக் கொடுத்த கேமரா அது. அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று அம்மாவுக்கு எண்பது வயது. கூட்டத்தில் கோயிலுக்குப் போக முடியாது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாலை 6 மணிக்கு 2668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறியது. ஊரே "அரோகரா" என்றது. அம்மாவையும் தீபத்தையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆட்டோவில் வைத்து எடுத்தேன். ப்ளாஷ் அடித்து அம்மாவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. பின்னால் மலையும் இல்லை, தீபமும் இல்லை. அடுத்து மலை பொம்மைக்குத் திருப்பினேன். ப்ளாஷ் அடிக்கவில்லை. தீபம் புழுபோல் நெளிந்து விழுந்தது. அம்மா வெறும் கறுப்பு உருவம். "சாமி கும்புட விடுடா" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுவாரம் படங்களைப் பிரிண்ட் போட ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஸ்டூலைப் போட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"சார், நாம எதைப் பார்க்கிறோம்னு கேமராவுக்குத் தெரியாது. அதைச் சொல்றதுதான் இந்த ஸீன் மோடு. ஓடுற ஆள் போட்டா ஷட்டர் வேகமா மூடும், ஓடுற பிள்ளை கலங்காது. வாணவேடிக்கை போட்டா ப்ளாஷ் அணைஞ்சிடும், ஷட்டர் ரெண்டு மூணு செகண்ட் திறந்திருக்கும்."

"பனி என்று ஒன்று இருக்கிறதே, நம்ம ஊரில் பனிமலை ஏதப்பா?"

"வெள்ளைச் சுவர் முன்னாடி வெள்ளை வேட்டிக்காரர் நின்னா அதைப் போடுங்க சார். வெள்ளை அதிகமா இருந்தா கேமரா ஏமாந்து எல்லாத்தையும் மங்கலாக்கிடும். இது அதைச் சரி பண்ணும். ஆனா உங்களுக்கு வேண்டியது ஆளும் நட்சத்திரமும் இருக்கிற பொம்மை. ப்ளாஷ் மூணு நாலு மீட்டர்தான் எட்டும், அது அம்மாவுக்கு. ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அது தீபத்துக்கு. கேமராவைச் சுவர் மேல வைங்க. ப்ளாஷ் அடிச்ச பிறகும் அம்மாவை அசையாம இருக்கச் சொல்லுங்க."

பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார்: "வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும் சார். நம்ம வகுப்பில என் பெஞ்சிலிருந்து பார்த்தா, ஜன்னல் வெளிச்சம் பட்டு போர்டு பளபளன்னு மின்னும். எழுத்தே தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்டில் இருக்கும் கணக்கைத் தப்புத் தப்பாக எழுதுகிறான் என்று அந்தப் பையனின் காதைத் திருகியிருக்கிறேன். "எதற்கும் உதவாதவன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். வகுப்பறையில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டயம் வாங்கியவன் நான். ஆனால் ஒரு நாள்கூட அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான்தான் அதைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

2011 தீபத்தன்று கேமராவைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, இரண்டு செகண்ட் டைமரும் போட்டேன். வானத்தில் நீலம் இன்னும் மிச்சம் இருந்தது. "அசையாதீங்கம்மா" என்றேன். ப்ளாஷ் அடித்த பிறகும் அம்மா மூச்சுகூட விடாமல் இருந்தார். பின்னால் மலை, உச்சியில் தீபம், முன்னால் அம்மாவின் சிரிப்பு. அம்மா இன்று இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அதுதான்.

இப்போது செல்போனே பெரும்பாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, பொம்மை தேட வேண்டியதில்லை. வகுப்பறையில் மட்டும் ஆசிரியர்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். நாளைக்கே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பாருங்கள்.

அந்த மாணவர் இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, அன்று சொல்லாமல் விட்டதை இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.