ஆறு மணிக்கு எரியும் விளக்கு

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று எமது தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்ன காலத்தில் அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருந்தார்கள். பசறைப் பக்கத்தில் நான் போய்வரும் லயங்களில் இன்று பல வீடுகளில் மாலை ஆறு மணிக்கு ஆளில்லை. தாய் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு டவுனில் இன்னொரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுகிறார். மகள் பதுளையில் கார்மண்ட் வேலை முடித்து ஏழரைக்குத்தான் பஸ்ஸால் இறங்குகிறாள். பிரதான வீதியிலிருந்து லயம் வரை தேயிலைக்கு நடுவே கால்மணி நேர நடை. வந்து சேர்ந்தால் இருண்ட இஸ்தோப்பு, பூட்டிய கதவு, சாவித் துவாரத்தைத் தடவும் கை.

இந்த வீடுகளில் சிலவற்றில் இப்போது ஒரு சிறு பொருள் வந்திருக்கிறது. கடைக்காரர்கள் பெயர்ப்பலகை விளக்குக்குப் போடும் டைமர்தான் அது. குறித்த நேரத்தில் விளக்கைத் தானே போடும், தானே அணைக்கும். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டில் ஆண் துணை இல்லாத சகோதரிகளுக்கு இதில் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்பதே என் எண்ணம்.

தோட்டத்து வெளிச்சத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓடைத் தண்ணீரைக் கொண்டு சொந்தமாக மின்சாரம் எடுத்தார்கள். தொழிற்சாலையும் பங்களாவும் பளிச்சென்று இருக்க, கீழே லயத்தில் குப்பி விளக்கு புகைந்தது. பொது மின்சாரம் வந்த பிறகும் லயக் காம்பராக்களுக்கு அது வந்துசேர மிக நீண்ட காலம் ஆயிற்று. குப்பி விளக்கு சரிந்து சேலையில் தீப்பிடித்து வெந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அந்தத் தீக்காயங்களைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 இல் குட்டையான, கனமான, இரு பக்கமும் தட்டையான, திருகு மூடி போட்ட பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். மார்மைட் போத்தலின் வடிவம் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. 1998 இல் அதற்கு ரோலக்ஸ் விருதும் கிடைத்தது. வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த சகோதரிகளுக்கு வெளிச்சத்தின் விலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு 2011 வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பயம் ஊவா மலைகளிலும் கிழக்கிலும் வடக்கிலும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். ஹப்புத்தளைப் பக்கத்தில் உயிர்களும் போயின. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்க வருகிறார்கள் என்ற பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்று ஆராய்வதை விட, அந்தப் பயம் எங்கே போய்த் தங்கியது என்று பார்ப்பதுதான் சமூகவியல் படித்தவளாக எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது விளக்கில் போய்த் தங்கியது. அன்று தொடங்கி இஸ்தோப்பு விளக்கை விடிய விடிய எரியவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. கேட்டால், “சும்மா ஒரு தைரியத்துக்குத்தான் மிஸ்” என்பார்கள்.

அந்தத் தைரியத்துக்கும் பில் வரும். 60 வாட் குண்டு பல்ப் மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் மாதத்துக்கு 21 அலகுக்கு மேல் போய்விடும். எமது மின் பட்டியலில் 30, 60 என்று படிகள் இருக்கின்றன. ஒரு படியைத் தாண்டினால் அலகின் விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். இந்த ஒரு பல்பே ஒரு ஏழை வீட்டை முதல் படியிலிருந்து தள்ளிவிடப் போதும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதாக உயர்ந்தபோது இதை எல்லோரும் பட்டு அறிந்தோம். 9 வாட் எல்இடி பல்புக்கு மாறினால் அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாதம் மூன்றேகால் அலகுதான். டைமர் போட்டு மாலை 6 முதல் 10 வரையும், அதிகாலை 4 முதல் 6 வரையும் மட்டும் எரித்தால் அதுவும் பாதியாகும். ஆனால் டைமருக்குள் இருக்கும் மணிக்கூடு இரவு பகலாக ஓடுவதற்கு ஒரு வாட் அளவில் எடுக்கும். மாதம் முக்கால் அலகு அதற்கே போகும். ஆகவே காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் பல்பை மாற்றுங்கள். டைமரை வேறு காரணத்துக்காக வாங்குங்கள்.

அந்தக் காரணத்தை எனக்கு விளங்கவைத்தவர் ஓர் அக்கா. 1983 கலவரத்துக்குப் பின் அவருடைய தகப்பன் பதுளைத் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியிருந்து, அங்கேயே கலியாணமும் ஆகி, 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்துவிட்டுச் சின்ன மகளோடு தாய்மாமன் லயத்துக்கே திரும்பி வந்தார். இப்போது கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். மாலையில் பசறையில் சமையல் வேலை.

2024 இல் மகள் தன் சம்பளத்தில் பதுளைக் கடையொன்றில் டைமர் ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். மறுநாள் மாலை வேலை இல்லாததால் அக்கா வீட்டில் தனியே அடுப்படியில் இருந்தார். ஆறு மணிக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம். இஸ்தோப்பில் வெளிச்சம். அவர் அடுப்பை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குந்திவிட்டார். மகள் வந்து பார்க்கும் வரை எழும்பவில்லை.

அடுத்த கிழமை நான் போனபோது டைமர் கழற்றி அலுமாரிக்கு மேலே வைக்கப்பட்டிருந்தது. அக்கா சொன்னார்: “கிபிர் இரைஞ்சா முதல்ல விளக்கைத்தான் ஊதுவோம். வெளிச்சம் தெரிஞ்சா குண்டு வரும். நான் போடாம விளக்கு எரிஞ்சா, யாரோ உள்ள நிக்கிறான்னுதானே அர்த்தம் மிஸ்?”

இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வது இலேசு. அவருடைய பயத்துக்கு நியாயம் இருந்தது. அவர் வாழ்வில் தானாக நடந்தவை எதுவும் நல்லதாக இருந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “இது நம்ம சொன்னாத்தான் எரியுமா, இல்ல அதுவா எரியுமா?” நம்ம சொன்னாத்தான் என்றேன். “அப்ப எப்படிச் சொல்றதுன்னு காட்டுங்க.”

அன்று இருவருமாக அதை மேசையில் வைத்துப் பார்த்தோம். அது பிளக் பொயின்டில் குத்தும் வகை. நடுவில் வட்டமான முகப்பு, அதைச் சுற்றி 1 முதல் 24 வரை எண்கள், விளிம்பில் சின்னச் சின்ன முட்கள் 96. ஒரு முள் கால்மணி நேரம். நான்கு முள் ஒரு மணி நேரம். (48 முள் உள்ள வகையில் ஒரு முள் அரைமணி நேரம்.) பகல் பன்னிரண்டுக்குப் பிறகு மணியோடு 12 ஐக் கூட்ட வேண்டும், மாலை 6 என்பது 18, இரவு 10 என்பது 22. விளக்கு எரிய வேண்டிய நேரத்து முட்களைக் கீழே அழுத்திவிட வேண்டும். சில மொடல்களில் இது தலைகீழாக இருக்கும், பெட்டியில் உள்ள படத்தைப் பாருங்கள். பிறகு இப்போதைய நேரம் அம்புக்குறிக்கு நேரே வரும்வரை முகப்பைத் திருப்ப வேண்டும். அம்பு காட்டும் திசையில் மட்டும் திருப்புங்கள், எதிர்ப்பக்கம் திருப்பினால் உள்ளே பல் உடையும். பக்கத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மணிக்கூட்டுப் படத்தில் வைத்தால் டைமர் வேலை செய்யும். மற்றப் பக்கம் தள்ளினால் விளக்கு எந்நேரமும் எரியும்.

அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்ல. ஆனால் பேர்ச் சிட்டையில் கிலோக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. 18 இலிருந்து 22 வரை பதினாறு முட்களையும் ஒவ்வொன்றாக எண்ணி அழுத்தினார். அதிகாலை 4 இலிருந்து 6 வரை எட்டு முட்களை அழுத்துவது அவருடைய சொந்த யோசனை. கழிவறை லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போகும் இடத்தில். விடியுமுன் எழும்பும் பெண்கள் அந்தப் படியில் இருட்டில்தான் கால் வைக்கிறார்கள்.

ஆறு மணியா, ஆறேகாலா என்பதில் தாயும் மகளும் கொஞ்சம் இழுபறிப்பட்டார்கள். எமது நாட்டில் சூரியன் மறையும் நேரம் வருடத்தில் ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள்தான் முன்பின் ஆகும். பதுளையில் நவம்பரில் ஆறுக்குக் கால்மணி முன்பே மறையும், ஜூலையில் ஆறரை மட்டும் வெளிச்சம் நிற்கும். மலை மறைக்கும் பள்ளத்து லயங்களுக்கு இருட்டு இன்னும் முந்தி வரும். மழைக்காலத்தில் ஒரு முள் முன்னே தள்ளினால் போதும்.

இந்த வகைக்கு ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் மணிக்கூடும் நின்றுவிடும். மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் ஆறு மணி விளக்கு ஒன்பதுக்குத்தான் எரியும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே, (எமது நாட்டில் குரங்குக்கும் அதிகாரம் இருக்கிறது!) அன்று மின்சாரம் திரும்பியதும் அக்கா நின்ற மணிகளை விரல்விட்டு எண்ணி, மணிக்கு நான்கு முள்ளாக முகப்பைத் திருப்பிச் சரிசெய்தாராம். மகள் தொலைபேசியில் எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

டிஜிட்டல் வகைக்குள் சிறு பற்றரி இருப்பதால் நேரம் தப்பாது. புதிதாக வாங்கியதில் திரை வெறுமையாக இருந்தால் கொஞ்ச நேரம் பிளக்கில் விட்டுப் பாருங்கள். அதிலே கிழமை, மணி, நிமிடம் எல்லாம் பொத்தானால் போட வேண்டும். கடைசியில் ‘ஓட்டோ’ என்பதில் நிற்காவிட்டால் போட்டதெல்லாம் வீண். ஆங்கில எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம். நான்கைந்து சொற்கள்தான், கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே பதிக்கும் டைமர்களும் உண்டு. அதற்கு வயரிங் பாஸ் கட்டாயம் வேண்டும். சாதாரண சுவிட்ச் பெட்டிக்கு லைவ் வயர் வந்து திரும்பிப் போகும், அவ்வளவுதான். டைமரின் மணிக்கூடு ஓடுவதற்கு நியூட்ரலும் தேவை. பழைய லயங்களில் அந்த வயரை அங்கே புதிதாக இழுக்க வேண்டியிருக்கும். பக்கத்து லயத்தில் இப்படி ஒன்று பூட்ட வந்த பாஸ், வேலையைச் சுத்தமாகச் செய்தார். மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார். ஆனால் நேரத்தையும் தானே போட்டுவிட்டு, “இதைத் தொடாதீங்க, பிரச்சினைன்னா எனக்குக் கோல் பண்ணுங்க” என்று எழும்பினார். அக்காவும் அங்கே நின்றிருந்தார். “பாஸ், வயரை நாங்க தொடல்ல. பொத்தானை நாங்கதான் தொடுவோம். காட்டிட்டுப் போங்க” என்றார். பாஸ் திரும்ப உட்கார்ந்தார். அந்த வீட்டுப் பெண் மூன்று தரம் அழித்து அழித்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தேநீர் கிடைத்தது.

வேறு சில விஷயங்களையும் கவனத்தில் கொள்ளுங்கள். தகரம் ஒழுகும், ஈரம் ஊறும் சுவரில் டைமரை வைக்காதீர்கள். ஊவாவில் நவம்பர், டிசம்பர் மழையில் சுவர் வியர்க்கும். சதுர முனைப் பிளக்கைப் பழைய வட்டத் துவாரத்துக்குள் குச்சி விட்டுச் செருகாதீர்கள். ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல், ஹீட்டர் எதையும் இதில் கொழுவ வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால் டைமருக்கு முன் அதைப் பூட்டுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் மலை சரிந்தபோது பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான நாளுக்கு ஒரு டோர்ச் கதவருகே தொங்கட்டும்.

விளக்கு காவல்காரன் அல்ல என்பதையும் அக்காவிடம் சொன்னேன். லயத்தில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எரியும் பல்பைக் கண்டு யாரும் ஏமாறப் போவதில்லை. அதை அவர் மறுக்கவில்லை. “கள்ளனுக்கு இல்ல மிஸ். வளைவுல திரும்புறப்போ புள்ளைக்கு எங்க வீடு தெரியணும்” என்றார். அந்த வளைவில் நானும் நின்று பார்த்திருக்கிறேன். கீழே ஏழெட்டு விளக்குகள் தெரியும். அவற்றில் தன் வீட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை இறங்கி வருவாள்.

சென்ற மாதம் மகளுக்கு இரண்டு கிழமை வேலை நேரம் மாறி, இரவு பத்தரைக்குத்தான் வீடு வந்தாள். நான் போனபோது அக்கா டைமரை மடியில் வைத்துக்கொண்டு, 22 க்குப் பிறகும் நான்கு முட்களை அழுத்திக்கொண்டிருந்தார். பஸ் பிந்தினால் என்ன செய்வது என்று சொல்லி, பிறகு இன்னும் இரண்டை அழுத்தினார்.