அணைந்த ஒளியும் அழியாத குலமும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. படிப்பகத்துத் தம்பிமார் விளையாட்டு ஒன்று நடத்தினர். ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் புனைந்த கற்பனை உலகில் தத்தமக்கு ஒரு பிறப்பைத் தேர்ந்துகொள்வதே ஆட்டம். மனிதப் பிறப்பு வேண்டா, குள்ளர் பிறப்பும் வேண்டா. எல்லோரும் எல்ஃப் இனத்தையே கேட்டனர். மூப்பறியா இனமன்றோ! அவ்வினத்திலும் எக்குலத்தை? ஒருவர் விடாமல் நோல்டோர் குலத்தை! நாமும் அதையே கேட்டோம். பெயருக்குப் பின்னே தொங்கிய சாதி வாலை அறுத்தெறிந்து ஆண்டு பல ஆன நாம், கதையிலே ஒரு குலம் கிடைக்கும் என்றதும், மேற்குலத்துக்கே கையேந்தினோம்! வீடு திரும்பும் வழியெல்லாம் அது முள்ளாய் உறுத்திற்று.

அன்றிரவே நூல்களைப் புரட்டினோம். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இந்தக் குலவரிசையைத் தொட்டும் தொடாமலும் செல்கிறது. ஆசிரியர் 1973இல் மறைந்தபின், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்' முழுவதையும் விரித்துரைக்கிறது.

எல்ஃபுகள் ஓர் ஏரிக்கரையில், விண்மீன் வெளிச்சத்தில், கண்விழித்தவர்கள். அன்று ஒளி கண்டோர் என்றும் காணாதோர் என்றும் பிரிவு இல்லை. பின்னர், கடலுக்கு அப்பாலுள்ள தேவர் நாட்டுக்கு வருமாறு அழைப்பு வருகிறது. சிலர் சென்றனர், சிலர் இடைவழியில் தங்கினர், சிலர் அழைப்பையே மறுத்தனர். சென்றவர் அங்கே இரு மரங்களின் ஒளியைக் கண்டனர். அவர்கள் ஒளி எல்ஃபுகளாம். காணாதவர் இருள் எல்ஃபுகளாம்! பயணம் போனவனுக்குப் பட்டம், போகாதவனுக்குப் பழி!

சரி, பயணத்தால் வந்த பெருமை பயணம் போனவனோடு தீர வேண்டாமா? தீரவில்லையே! அந்த இரு மரங்களையும் பகைவன் அழித்துவிடுகிறான். ஒளி அணைந்தது. அதன் பின்னர் இக்கரையில் பிறந்த நோல்டோர் பிள்ளைகள் அந்த மரங்களின் இலையைக்கூடக் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் உயர்ந்த எல்ஃபுகளே! பாட்டன் பார்த்த வெளிச்சம் பேரனுக்குப் பரம்பரைச் சொத்தாயிற்று. செயலால் வந்தது பிறவியால் நிலைத்துவிட்டது. எந்த நாட்டுக் குலப்பெருமைக்கும் பிறப்புச் சான்றிதழ் இப்படித்தான் எழுதப்படுகிறது.

அதிலும் விந்தை, சிண்டார் மன்னன் திங்கோலின் கதை. அவன் தூதனாகச் சென்று அந்த ஒளியைக் கண்ணாரக் கண்டவன். இக்கரையிலேயே தங்கி, ஒளி காணாத மக்களுக்கு அரசனானான். மன்னன் ஒளி எல்ஃப், குடிமக்கள் அல்லர்! அத்தகையவனையே நோல்டோர் இளவரசன் காரந்திர் இருள் எல்ஃப் என்று ஏசுகிறான். ஏச்சு வாங்கிய திங்கோலாவது திருந்தினானா? மகள் லூதியனை பெரென் என்னும் மனிதன் விரும்பியபோது, சாகப் பிறந்தவனுக்கு என் மகளா என்று சீறி, பகைவன் முடியிலுள்ள மணியைக் கொண்டுவரப் பணிக்கிறான். போனவன் திரும்பமாட்டான் என்ற கணக்கு! படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதுதானே? மேலே வாங்கிய உதையைக் கீழே இறக்கி வைப்பது!

டோல்கீன் உயர்குலத்தாரின் குற்றத்தை மறைத்தார் என்று கூறோம். கப்பல்களுக்காகத் தம் உறவினராகிய டெலெரி மக்களை நோல்டோர் வெட்டிச் சாய்த்ததை அவரே எழுதியிருக்கிறார். இருந்தும், அவர் கதையில் வீழ்ச்சியுங்கூட உயர்ந்தோர்க்கே உரியது. காட்டு எல்ஃபுகள் வாழும் லோத்லோரியனை ஆள்வோர் கெலிபார்னும் கேலட்ரியலும்; இருவரும் அக்காட்டு மக்களின் குலத்தவர் அல்லர். மிர்க்வுட் காட்டின் அரசன் த்ராண்டுயிலும் சிண்டார் குலத்தவனே. காட்டில் இருப்பவனுக்குக் காட்டை ஆளத் தெரியாதாம்!

அழைப்பை மறுத்தவர்கள் என்ன ஆயினர்? அவர்களுக்குப் பெயர் அவாரி, அதாவது மறுத்தோர். அது மற்றவர் சூட்டிய பெயர். அவர்தம் வீரமோ காதலோ சாவோ ஒரு கதையாகவும் நமக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு இதைத் தம்பிமாரிடம் சொன்னோம். ஒருவன் கேட்டான்: "ஐயா, அவர்கள் தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள்?"

விடை உண்டு. 1994இல் வெளிவந்த டோல்கீனின் குறிப்புகளில், அம்மக்களின் கூட்டங்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் ஆறு கிடக்கின்றன. ஆறும் ஒரே பழஞ்சொல்லின் திரிபுகள். எல்ஃப் இனம் முழுமைக்கும் பொதுவாய் இருந்த ஆதிப் பெயர் அது. பொருள், குரலால் பேசுவோர். எழுதிக் காட்டினோம். அந்தத் தம்பி தன் அட்டையில் இருந்த நோல்டோர் என்ற சொல்லை அடித்துவிட்டு, அதை எழுதிக்கொண்டான். நாமும் நம் அட்டையைத் தேடி எடுத்தோம்.