தரையைத் தொடாத நைட்ரஜன்

திரவ நைட்ரஜனை நான் முதலில் பார்த்தது மாட்டாஸ்பத்திரியில். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர்களில் பசுவுக்குச் சினை ஊசி போடும் உறைவிந்துக் குச்சிகள் அந்தக் கேனுக்குள்தான் கிடக்கும். மைனஸ் 196 டிகிரி. ஒருநாள் ஊற்றும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. சிமெண்ட் தரையை நனைக்காமல் மணி மணியாக உருண்டோடிப் புகையாகப் போனது. எட்டு வயதில் அது வித்தை.

பதினைந்து வருஷம் கழித்து எம்.இ. ப்ராஜெக்ட்டில் அதே நைட்ரஜன் வந்து நின்றது, கம்ப்யூட்டருக்குள். டைட்டானியக் கலவையைக் கடையும்போது நைட்ரஜனைப் பீய்ச்சினால் டூல் நுனியின் சூடு எவ்வளவு குறையும் என்று சிமுலேஷன் செய்ய வேண்டும். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையில் எரிபொருள் தொட்டியே டைட்டானியக் கலவைதான். ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரியோ நெல்லைக்குத் தெற்கே. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு வாங்க என்னிடம் காசில்லை.

டைட்டானியம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சாதாரண எஃகின் கடத்துதிறன் சுமார் 50 என்றால், டிஐ-6ஏஎல்-4வி கலவைக்கு 7 தான். கடையும்போது பிறக்கிற சூடு டூல் நுனியிலேயே தேங்கி, நுனி சீக்கிரம் மழுங்கிவிடும்.

சிமுலேஷனில் நைட்ரஜனை ஊற்ற முடியாது. வெப்பமாற்றக் கெழு என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். 5,000 கொடுத்தேன், சூடு இறங்கவில்லை. 10,000. பிறகு 20,000. கடைசியில் யாரோ செய்த சோதனையின் வரைபடத்தோடு என் கோடு ஒட்டிக்கொண்டது. ‘சோதனை முடிவுகளுடன் நன்கு பொருந்துகிறது’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அப்பா முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். திரையை உற்றுப் பார்த்தார்.

“இதுல நைட்ரஜன் எங்கலே இருக்கு?”

“தனியா கிடையாதுப்பா. டூலைச் சுத்தி இந்த நம்பரைக் கொடுத்தா அதான் நைட்ரஜன்.”

“சுருளுக்கும் நுனிக்கும் நடுவுல அது எப்படிப் போவும்? எனக்குக் கூலண்டே அங்க போவாதே.”

பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி அந்தச் சிமெண்ட் தரை ஞாபகம் வந்தது. நைட்ரஜனுக்கு நம்மூர்த் தரையே காய்ந்த தோசைக்கல். துளிக்கு அடியில் ஆவி ஒரு மெத்தை போடுகிறது. துளி தரையைத் தொடுவதே இல்லை. கொதிக்கும் டூல் நுனியில் கேட்கவே வேண்டாம். பீய்ச்சும் வேகம் அந்த மெத்தையைக் கிழிக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த எண் பல மடங்கு மாறும். எந்த இடத்தில் பீய்ச்சுகிறோம் என்பதும் முக்கியம். 2001-இல் ஷேன் ஹாங்கும் டிங்கும் இதே கலவையை வைத்து எழுதிய கட்டுரையில், நுனியின் மேல்முகம், பக்கமுகம் இரண்டிலும் சிறு குழாய்களால் பீய்ச்சியபோதுதான் சூடு மிகவும் குறைந்தது. நானோ டூல் முழுக்க ஒரே எண்ணைப் பூசி வைத்திருந்தேன்.

ஒப்படைக்க ஒன்பது நாள். மூன்று எண்களுக்கும் மறுபடி ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் முதலிலிருந்து. என் அழகான ஒற்றைக் கோடு அகலமான பட்டையாகிவிட்டது. “இப்படிப் போட்டா ரிசல்ட்டே இல்லைம்பாங்க” என்றார் கைடு. ‘நன்கு பொருந்துகிறது’ என்பதை அடித்துவிட்டு, ‘பொருந்தும்படி இந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

வைவாவில் கேட்டார்கள்: “மூணுல எது சரி?”

“வெட்டிப் பார்த்தாத்தான் சார் தெரியும்.”

அப்பாவிடம் சொன்னேன். “இதைச் சொல்லவாலே ரெண்டு வருஷம் படிச்ச?” என்று சிரித்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார்.